பசித்திருக்கும்போது உடல் எதை எரிக்கிறது? நோன்புக்கு முன் ஒரு பாடம்



ரமளான் நெருங்கும்போது நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். "அத்தாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, நோன்பு வைக்கலாமா?" என்பது ஒன்று. "சின்னப் பிள்ளை தானும் நோன்பு வைப்பேன் என்று அடம்பிடிக்கிறது, விடலாமா?" என்பது மற்றொன்று. மார்க்கச் சட்டத்தை ஹஜ்ரத்மார்கள் சொல்வார்கள். மருந்தின் அளவை மருத்துவர் சொல்வார். ஆனால் இருவர் சொல்வதும் நமக்கு நன்றாகப் புரிய வேண்டுமானால், உணவு நின்றபின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அறிவு நம் ஊருக்கு மிகவும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தியா முழுவதும் சராசரியாக 11.4 சதவீதம். புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவாவுக்கு (26.4) அடுத்து நாட்டிலேயே அதிகம் நம் ஊரில்தான். நான்கு பெரியவர்களில் ஒருவர் என்றால், ஏதோ ஒரு வகையில் எல்லாக் குடும்பங்களையும் இது தொடுகிறது என்றுதான் பொருள்.

ஆரோக்கியமான உடலுக்கு ஒரு பகல் நேரப் பசி ஆபத்தானதல்ல. ஏனெனில் அதனிடம் கொழுப்பு என்ற பெரிய சேமிப்பு இருக்கிறது. தேவைப்படும்போது அதை எரித்துக்கொள்ளும். அந்தச் சேமிப்பைத் திறக்க முடியாதவர்களுக்கும், எரிக்க முடியாதவர்களுக்கும், எரிவதைக் கட்டுப்படுத்த முடியாதவர்களுக்கும் அதே பசி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இதுவே இந்தப் பாடத்தின் சுருக்கம். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடலின் மூன்று சேமிப்புகள்

ஒரு பெரியவரின் இரத்தம் முழுவதிலும் உள்ள சர்க்கரை, அதாவது குளுக்கோஸ், சுமார் 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி அளவு. இது கைச்செலவுக்கு வைத்திருக்கும் சில்லறை போன்றது. மூளை மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 5 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. ஆகவே சில்லறை தீரத் தீர வேறு இடத்திலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது சேமிப்பு கல்லீரலில் உள்ளது. சோறு, ரொட்டி, பழம் ஆகியவற்றிலிருந்து வந்த குளுக்கோஸில் மிஞ்சியதைக் கல்லீரல் ஒன்றோடொன்று கோத்து, கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளாக வைத்துக்கொள்கிறது. நன்றாகச் சாப்பிட்ட பெரியவரின் கல்லீரலில் இது 100 கிராம் வரை இருக்கும். இதை வீட்டு அரிசிப் பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்குள் பெரும்பாலும் காலியாகிவிடும். தசைகளிலும் கிளைக்கோஜன் உண்டு. ஆனால் தசை அதைத் தனக்கே வைத்துக்கொள்ளும், இரத்தத்துக்குத் தராது.

மூன்றாவது சேமிப்பு கொழுப்பு. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் 12 கிலோ கொழுப்பு இருப்பது சாதாரணம். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி தரும். கொழுப்பு 9 கலோரி தரும். அந்தக் கணக்கில் 12 கிலோவில் 1 லட்சம் கலோரிக்கு மேல் இருக்கிறது. நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி செலவானாலும் ஒரு மாதத்துக்கு மேல் வரும். அரிசிப் பானை காலியானால் திறக்கும் பெருங்களஞ்சியம் இதுதான்.

குழந்தைகளின் நிலை வேறு. அவர்களின் கல்லீரல் சிறியது. உடலோடு ஒப்பிட்டால் மூளை பெரியது. வரவு குறைவு, செலவு அதிகம். எனவே பெரியவரின் பானை தீரும் நேரத்துக்கு வெகு முன்பே குழந்தையின் பானை தீர்ந்துவிடும். சரியாகச் சாப்பிடாத, மெலிந்த குழந்தையின் பானை தொடக்கத்திலேயே பாதிதான் இருக்கும்.

கொழுப்பு எரியும் விதம்

களஞ்சியத்துக்குக் காவல் இருப்பது இன்சுலின் என்ற ஹார்மோன். கணையத்திலிருந்து வருவது. சாப்பிட்டவுடன் இன்சுலின் கூடும். களஞ்சியம் பூட்டப்பட்டு, மிஞ்சியது உள்ளே சேமிக்கப்படும். பசி நீளும்போது இன்சுலின் குறையும். குளுக்ககான், அட்ரினலின் ஆகிய ஹார்மோன்கள் கூடும். அப்போது பூட்டு திறந்து, கொழுப்பு உடைந்து, கொழுப்பு அமிலங்களாக இரத்தத்துக்கு வரும்.

கொழுப்பு அமிலம் என்பது கரி அணுக்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. நம் வீட்டு விசேஷங்களுக்குத் தேக்சாவில் பிரியாணி தம் போடும் பண்டாரியைப் பார்த்திருப்பீர்கள். நீளமான மரக்கட்டையை அவர் அப்படியே அடுப்பில் வைப்பதில்லை; பிளந்துதான் வைப்பார். உடலும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறிய அடுப்புகள் இருக்கின்றன. நீளமான கொழுப்பு அமிலம் தானாக அதற்குள் நுழைய முடியாது. கார்னிடின் என்ற ஒரு பொருள் அதை வாசலில் ஏந்திக்கொண்டு உள்ளே சேர்க்கிறது. உள்ளே போனதும் நொதிகள் அந்தச் சங்கிலியை இரண்டு இரண்டு கரி அணுக்களாக வெட்டுகின்றன. உதாரணமாக, பாமாயிலிலும் ஆட்டுக் கொழுப்பிலும் நிறைய உள்ள பால்மிடிக் அமிலத்தில் 16 கரி அணுக்கள் உண்டு. 7 முறை வெட்டினால் 8 துண்டுகள். அந்தத் துண்டுகள்தான் அடுப்பில் எரிந்து உடலுக்குச் சக்தி தருகின்றன.

வெட்டும் நொதி ஒன்றல்ல. நீளச் சங்கிலிக்கு ஒன்று, நடுத்தரச் சங்கிலிக்கு ஒன்று, குட்டைச் சங்கிலிக்கு ஒன்று என்று தனித்தனியாக உள்ளன. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு இரண்டாக வெட்டப்படும் இந்த உண்மையை 1904இல் வெளியிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரான்ஸ் நூப். கொழுப்பு அமிலத்தின் வால் நுனியில் உடலால் எரிக்க முடியாத ஒரு வளையத்தை அடையாளமாக ஒட்டி, அதை நாய்களுக்குக் கொடுத்து, சிறுநீரில் அந்த வளையத்தோடு என்ன மிஞ்சி வருகிறது என்று பார்த்தார். கதிரியக்க அடையாளங்கள் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அறிவைக் கொண்டு செய்த சோதனை அது.

மூளையின் மாற்று உணவு

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இதயமும் தசையும் கொழுப்பு அமிலத்தை நேரடியாக எரித்துக்கொள்ளும். மூளையால் அது முடியாது. இரத்தச் சிவப்பணுக்களுக்கும் முடியாது. அவற்றில் மைட்டோகாண்ட்ரியா இல்லை. மூளையைக் காப்பாற்றக் கல்லீரல் இரண்டு வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, புதிய குளுக்கோஸ் தயாரிப்பது. கொழுப்பு உடைந்தபோது கிடைத்த கிளிசரால், தசையிலிருந்து வரும் அமினோ அமிலங்கள் முதலியவற்றைக் கொண்டு கல்லீரல் இதைச் செய்கிறது. இதற்கு வேண்டிய சக்தி கொழுப்பு எரிவதிலிருந்துதான் கிடைக்கிறது. கொழுப்பு எரிவது நின்றால் குளுக்கோஸ் தயாரிப்பும் நின்றுவிடும்.

இரண்டாவது வேலை, கொழுப்பின் துண்டுகளை இணைத்துக் கீட்டோன் என்ற பொருளாக்கி இரத்தத்தில் விடுவது. கீட்டோனை மூளை ஏற்றுக்கொள்ளும். பசி நீள நீள, குளுக்கோஸ் செலவைக் குறைத்துக்கொண்டு கீட்டோனில் ஓடப் பழகும். கீட்டோன் என்றவுடன் நோய் என்று நினைக்க வேண்டாம். அளவோடு இருக்கும்வரை அது இறைவன் நம் உடலில் வைத்த அருமையான ஏற்பாடு.

நம் ஊரில் ரமளான் நோன்பு ஏறத்தாழ 13 மணி நேரம். சஹரில் சாப்பிட்டது செரித்து முடிந்தபின், முதலில் கல்லீரலின் கிளைக்கோஜன் கைகொடுக்கும். பிற்பகலில் கொழுப்பின் பங்கு கூடிக்கொண்டே போகும். மஃக்ரிபுக்கு நோன்பு திறந்து பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் உள்ளே போனதும் இன்சுலின் கூடி, களஞ்சியம் மீண்டும் பூட்டப்படும். ஆரோக்கியமானவரின் உடலில் இந்தச் சக்கரம் தானாகவே சுழலும்.

வழி அடைபட்டால்: முசாஃபர்பூர் தந்த பாடம்

கொழுப்பு எரியும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை நம் நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது.

பீகார் மாநிலம் முசாஃபர்பூர் லிச்சிப் பழத்துக்குப் பெயர்பெற்ற மாவட்டம். அங்கே 1995 முதல் கோடைக்காலத்தில், லிச்சி பழுக்கும் மே, ஜூன் மாதங்களில், ஒரு மர்ம நோய் வந்தது. முந்தின நாள் மாலை வரை தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, விடியற்காலையில் அலறிக்கொண்டு விழிக்கும், வலிப்பு வரும், நினைவிழக்கும். பலர் இறந்தார்கள். மழை தொடங்கியதும் நோய் நின்றுவிடும். மூளைக் காய்ச்சல் கிருமியா, வெயிலா, பூச்சிமருந்தா என்று பல ஆண்டுகள் தேடினார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைரசியல் பேராசிரியராக இருந்த டாக்டர் ஜேக்கப் ஜான், இது கிருமித் தொற்று போலத் தெரியவில்லை, பழத்தில் உள்ள நச்சாக இருக்கலாம் என்று டாக்டர் முகுல் தாஸுடன் சேர்ந்து 2014இல் எழுதினார். அதே ஆண்டு இந்திய தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் விரிவாக ஆராய்ந்தன. 2014 மே 26 முதல் ஜூலை 17 வரை அங்குள்ள இரண்டு மருத்துவமனைகளில் 390 பேர் சேர்க்கப்பட்டார்கள். 122 பேர் இறந்துவிட்டார்கள். சேர்க்கும்போதே சர்க்கரை அளவு பார்க்கப்பட்ட 327 பேரில் 204 பேருக்கு அது 70 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவுகள் வெளியாயின.

லிச்சியில், குறிப்பாகக் காயாக உள்ளதில், ஹைப்போகிளைசின் என்ற பொருளும் அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளும் உண்டு. கொழுப்பு அமிலத்தை வெட்டும் நொதிகளை இவை முடக்குகின்றன. மேற்கிந்தியத் தீவான ஜமைக்காவில் அக்கீ என்ற பழத்தைக் காயாகத் தின்றவர்களுக்கு இதே போன்ற நோய் வந்ததும் இதே நச்சால்தான்.

ஆனால் லிச்சி தின்ற எல்லாக் குழந்தைகளும் நோயுறவில்லையே? இதற்கான பதில்தான் நம் நெஞ்சைச் சுட வேண்டியது. முந்தின இரவு சாப்பிடாமல் தூங்கிய குழந்தைகளுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. பகலெல்லாம் தோட்டத்தில் பழம் தின்றுவிட்டு, இரவு உணவு இல்லாமல், அல்லது வேண்டாமென்று சொல்லிவிட்டுப் படுத்த ஏழைக் குழந்தைகள். பாதி நிரம்பிய அரிசிப் பானை நள்ளிரவில் தீர்ந்தது. உடல் களஞ்சியத்தைத் திறந்தது. கொழுப்பு வந்தது, வெட்ட நொதி இல்லை. கீட்டோனும் இல்லை, புதுக் குளுக்கோஸும் இல்லை. மூளை பட்டினியில் அணைந்தது. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய குழந்தைக்குக் களஞ்சியத்தைத் திறக்கும் அவசியமே பெரும்பாலும் வரவில்லை.

ஆராய்ந்தவர்கள் சொன்ன தீர்வு எளியது: லிச்சியைக் குறையுங்கள், குழந்தைக்கு இரவு உணவு கொடுத்துத் தூங்க வையுங்கள், நோய் வந்தால் தாமதமில்லாமல் குளுக்கோஸ் ஏற்றுங்கள். அடுத்த ஆண்டுகளில் நோய் பெருமளவு குறைந்தது. ஆனால் 2019 ஜூனில் கடும் வெயிலில் மீண்டும் பரவி, 100க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். வறுமையும் சத்துக் குறைவும் நீங்காத இடத்தில் அறிவுரை மட்டும் போதவில்லை.

நம் குபேர் அங்காடியில் லிச்சி வாங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பழம் தின்பதால் இப்படி ஆகிவிடாது. பயப்பட வேண்டாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. குழந்தை எந்தக் காரணத்தாலும் வெறும் வயிற்றோடு இரவைக் கழிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தையும்தான்.

பிறவியிலேயே வழி அடைபட்ட குழந்தைகள்

நச்சு எதுவும் இல்லாமலே, பிறவியிலேயே அந்த நொதிகளில் ஒன்று குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. இவற்றில் அதிகம் அறியப்பட்டது, நடுத்தரச் சங்கிலியை வெட்டும் நொதியின் குறைபாடு. மருத்துவர்கள் 'எம்.சி.ஏ.டி.' குறைபாடு என்பார்கள். இது அரிதான நோய். இந்தக் குழந்தை பார்க்க முழு ஆரோக்கியமாக இருக்கும். அடிக்கடி பால் குடிக்கும்வரை எதுவும் தெரியாது. இரவுப் பால் குறையும் வயதில், அல்லது காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து இரண்டு வேளை சாப்பிடாமல் இருக்கும்போது, திடீரென்று வாந்தி, அசதி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு என்று வரும். தெரிந்துகொண்டால் சிகிச்சை பெரும்பாலும் எளிது: நேரம் தவறாமல் உணவு, காய்ச்சல் காலத்தில் உடனடியாகக் குளுக்கோஸ். தெரியாவிட்டால் முதல் தாக்குதலிலேயே உயிர் போகலாம்.

பிறந்த சில நாட்களில் குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து இதைக் கண்டுபிடிக்கலாம். நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவுகள் உண்டு. அங்கே 2020 டிசம்பர் முதல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இந்தக் குறைபாட்டுக்கான சோதனை நடக்கிறது. 2023 ஜனவரியில் மேலும் சில பிறவிக் குறைபாடுகளைச் சேர்த்தார்கள். கார்னிடினைச் செல்லுக்குள் எடுக்க முடியாத குறைபாடும் அதில் ஒன்று. நம் நாட்டில் இச்சோதனை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயமாகவில்லை. கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

யார் கேட்க வேண்டும்? இந்தக் குறைபாடு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும். இருவரும் அதைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் திருமணம் செய்யும்போது, ஒரே பழுதை இருவரும் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகன், அத்தை மகள் திருமணம் நம் சமுதாயத்தில் மட்டுமல்ல, தென்னாட்டில் பல சமுதாயங்களில் உள்ள பழக்கம். அதைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. ஆனால் சொந்தத்தில் மணமுடித்தவர்களும், குடும்பத்தில் காரணம் தெரியாமல் கைக்குழந்தை இறந்த வரலாறு உள்ளவர்களும், பிரசவத்துக்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். குழந்தை இறந்ததைக் 'கண்ணேறு' என்றோ தாயின் கவனக்குறைவு என்றோ பேசிக்கொண்டிருப்பதால் அடுத்த குழந்தையைக் காப்பாற்ற முடியாது.

பூட்டு திறக்காவிட்டால்

இனி சர்க்கரை நோயாளிகளின் விஷயம். இவர்களுக்கு ஆபத்து இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம்.

இன்சுலின் களஞ்சியத்தின் பூட்டு என்றோம். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், பசி வந்தாலும் இன்சுலின் குறையாது. மருந்து அதைக் குறைய விடாது. ஒரு பக்கம் இரத்தத்தின் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டே போகும். மறுபக்கம் களஞ்சியம் பூட்டியே கிடக்கும். உடம்பில் 20 கிலோ கொழுப்பு இருந்தும் மூளை பட்டினி கிடக்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பமான பேச்சு, மயக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள்.

2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்குவது, மற்ற மாதங்களை விட ரமளானில் டைப் 1 நோயாளிகளுக்கு 4.7 மடங்கும், டைப் 2 நோயாளிகளுக்கு 7.5 மடங்கும் கூடியிருந்தது. சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்தை மாற்றியமைக்காமல் நோன்பு வைப்பதில் உள்ள ஆபத்தை இந்த எண்கள் காட்டுகின்றன.

கடிவாளம் அறுந்தால்

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. டைப் 1 சர்க்கரை நோயில் உடலில் இன்சுலின் அநேகமாக இல்லவே இல்லை. ஊசியையும் நிறுத்தினால் களஞ்சியத்துக்குக் காவல் கிடையாது. கொழுப்பு வெள்ளமாக வரும். கல்லீரல் கீட்டோனை அளவில்லாமல் செய்து தள்ளும். கீட்டோன் அமிலத்தன்மை உள்ளது. அளவு மீறினால் இரத்தமே புளித்துவிடும். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்று வலி, ஆழமான வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை, பிறகு மயக்கம். சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து வரலாம்.

'சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு?' என்று நினைப்பது இங்கேதான் உயிரைப் பறிக்கிறது. டைப் 1 நோயாளி சாப்பிடாவிட்டாலும், காய்ச்சலாக இருந்தாலும், இன்சுலினை முழுவதுமாக நிறுத்தக் கூடாது. அளவை மருத்துவர் குறைத்துத் தருவார். ஊசி உணவுக்காக மட்டுமன்று. கொழுப்புக்குக் கடிவாளமாகவும் அது வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இப்போது பலருக்கும் எழுதித் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் நல்ல மருந்துகள். ஆனால் இவற்றைச் சாப்பிடும் சிலருக்கு, நீண்ட பசி, நீர்ச்சத்துக் குறைவு, காய்ச்சல் ஆகியவற்றின்போது, இரத்தச் சர்க்கரை அவ்வளவாகக் கூடாமலே கீட்டோன் கூடிவிடலாம். 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. வீட்டுக் கருவியில் 180 காட்டுகிறது, ஒன்றுமில்லை என்று இருந்துவிட முடியாது. உங்கள் மாத்திரை அட்டையின் பின்புறம் மருந்தின் பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிறதா என்று இன்றே பாருங்கள். முடிந்தால், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோன்புக் காலத்தில் எப்படிச் சாப்பிடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு வந்தால் மருத்துவமனையில் முதலில் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. சர்க்கரை நோயாளிகள் ரமளானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஜிப்மரிலோ, இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, எங்கே மருந்து வாங்குகிறீர்களோ அங்கே கேளுங்கள். "நோன்பு வைக்க எண்ணுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் கோபிப்பார் என்று மறைத்துவிட்டு நோன்பு வைப்பதே மிக ஆபத்தானது.

2. டைப் 1 நோயாளிகள், கர்ப்பமாக இருந்து இன்சுலின் போடுபவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், சமீபத்தில் கீட்டோன் கூடியோ சர்க்கரை இறங்கியோ மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து மிக அதிகம். மருத்துவர் வேண்டாம் என்றால், வேண்டாம்.

3. நோன்பிருக்கும்போது விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை உடனே திறந்துவிட வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டு ரமளான் வழிகாட்டி சொல்கிறது. மஃக்ரிபுக்கு அரை மணி நேரம்தானே இருக்கிறது என்று பொறுத்திருக்கக் கூடாது.

4. சர்க்கரை இறங்கியவருக்கு நினைவு இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

5. சஹரைத் தவறவிடாதீர்கள். அது அரிசிப் பானையை நிரப்பும் நேரம். இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையில் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

6. பருவமடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையில்லை. ஆசைப்பட்டால் சில மணி நேரம் பழகட்டும். சோர்ந்தால் உடனே உணவு கொடுங்கள். முதல் நோன்பு என்று மாலை போட்டு, உறவினரை அழைத்துவிட்டோமே என்பதற்காகத் துவண்டுபோன பிள்ளையை மாலை வரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். காய்ச்சலோ வாந்தியோ உள்ள பிள்ளைக்கு நோன்பே வேண்டாம்.

7. காய்ச்சலில் சாப்பிட மறுக்கும் கைக்குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தால், 'தூங்கட்டும்' என்று விடாதீர்கள். எழுப்பிப் பால் கொடுங்கள். எழவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சலுகை யாருக்காக?

நம்மில் பெரியவர்கள் பலர், "அறுபது வருடமாக விட்டதில்லை, இப்போது விடுவதா?" என்று கண்கலங்குகிறார்கள். அந்த ஈமானை நாம் மதிக்கிறோம். ஆனால் நோன்பைக் கடமையாக்கிய அதே அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில்தான் நோயாளிக்கும் பயணிக்கும் சலுகையும் சொல்லப்பட்டிருக்கிறது. பிறகு வைத்து ஈடு செய்யக்கூடியவர் ஈடு செய்யலாம். இயலாதவர் ஃபித்யாவாக ஏழைக்கு உணவளிக்கலாம். உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்று ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். களஞ்சியம் யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்பதை நம்மைப் படைத்தவன் அறிவான். அவன் தந்த சலுகையை வெட்கமில்லாமல் ஏற்றுக்கொள்வதும் அவனுக்குக் கீழ்ப்படிவதுதான்.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. நோன்பு வைக்க முடியாத அத்தாவோ அம்மாவோ பகலில் ஒளிந்து சாப்பிடும் நிலையை அவர்களுக்கு வைக்காதீர்கள். மதியம் அவர்களுக்கு நீங்களே தட்டில் வைத்துக் கொடுங்கள். அவர்கள் கொடுக்கும் ஃபித்யா, இரவு உணவில்லாமல் படுக்கும் ஒரு குழந்தையின் வயிற்றை நிரப்பட்டும்.

மருத்துவச் சோதனைக்குப் பணமில்லை என்ற காரணத்தால் யாரும் மருத்துவரைப் பார்க்காமல் நோன்பைத் தொடங்க வேண்டாம். அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கள். நம்மால் இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்றவர்களுக்கு அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. நோன்பிருப்பவர்களின் நோன்பையும், இருக்க இயலாதவர்களின் எண்ணத்தையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.